சோல் வாத்திய இசை ஒன்று தொலைக்காட்சியின் முகப்பு இசையான வரலாற்றை எழுதுவது எப்படி

தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் முகப்பு இசையாக மக்கள் மனத்தில் தங்கிவிட்ட சோல் வாத்திய இசையின் (சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகைகளுள் ஒன்று) வரலாற்றை எழுத முற்படுபவர் உண்மையில் இரண்டு வரலாறுகளைக் கையாள்கிறார். இசைத்தட்டுக்கு என ஒரு வரலாறு இருக்கிறது: எங்கே ஒலிப்பதிவானது, யார் வாசித்தார்கள், எப்போது கடைக்கு வந்தது, தரவரிசையில் எதுவரை ஏறியது என்பவை அதில் அடங்கும். நிகழ்ச்சிக்கு என வேறொரு வரலாறு இருக்கிறது: எந்தப் பருவத்திலிருந்து அந்த இசை ஒலித்தது, எந்த வடிவில் ஒலித்தது, எப்போது மாற்றப்பட்டது என்பவை அதைச் சேர்ந்தவை. இரண்டிலும் ஒலிப்பது ஒரே மெட்டு என்பதால் ஒன்றின் தேதி மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்கிறது. இத்தகைய இசையைப் பற்றி இணையத்தில் சுற்றிவரும் பிழைகளில் பெரும்பகுதி இப்படிப் பிறந்தவைதான். ஆகவே வேலையைத் தொடங்கும்போதே இரண்டு பட்டியல்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேதி கிடைத்தவுடன், அது எந்தப் பட்டியலுக்கு உரியது என்று முடிவு செய்த பிறகே அதை எழுதுங்கள்.

இந்த வழிகாட்டியில் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டைத்தான் பின்தொடரப்போகிறேன். அமெரிக்காவின் ‘சோல் டிரெய்ன்’ நிகழ்ச்சிக்காகக் கென்னி கேம்பிள், லியோன் ஹஃப் இருவரும் எழுதி, எம்.எஃப்.எஸ்.பி. குழு வாசித்த ‘டி.எஸ்.ஓ.பி.’ என்னும் இசை அது. அதன் முழுப்பெயர் ‘தி சவுண்ட் ஆஃப் ஃபிலடெல்ஃபியா’. கறுப்பின இளைஞர்கள் தங்கள் நடனத்தையும் உடையையும் இசையையும் தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு மேடையில் நாடெங்கும் காட்ட வாய்த்த நிகழ்ச்சிக்கு அது வாசற்கதவாக இருந்தது. அதனாலேயே அதன் வரலாற்றைத் துல்லியமாக எழுதுவது முக்கியம் என்று கருதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இசைத்தட்டு முந்தியதா, நிகழ்ச்சி முந்தியதா? இதற்கு விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது, ஏனெனில் தேட வேண்டிய ஆவணங்களே விடைக்கு ஏற்ப மாறுகின்றன. ஏற்கெனவே வெளிவந்திருந்த இசைத்தட்டை நிகழ்ச்சித் தயாரிப்பாளர் எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்காக புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் குழு 1968இல் வெளியிட்ட ‘சோல் லிம்போ’ அப்படிப்பட்டது. அது அமெரிக்காவில் பில்போர்டு இதழின் இசைத்தட்டுத் தரவரிசையின் 17ஆம் இடம்வரை ஏறி இறங்கிய பிறகு, இங்கிலாந்தில் பி.பி.சி. தொலைக்காட்சியின் கிரிக்கெட் ஒளிபரப்புக்கு முகப்பு இசையாகி, சோல் இசையே கேட்டிராத பல்லாயிரம் வீடுகளில் குடியேறியது. இத்தகைய இசைக்கு ஒலிப்பதிவுக் காலத்து ஆவணங்களில் தொலைக்காட்சியைத் தேடுவது வீண். அங்கே அது இருக்காது. இரண்டாவது வகையில், நிகழ்ச்சிக்காகவே இசை செய்யப்பட்டுப் பிறகு தட்டாக வருகிறது, ‘டி.எஸ்.ஓ.பி.’ இந்த வகை. மூன்றாவது வகைதான் அதிகம் ஏமாற்றுவது: நிகழ்ச்சியில் ஒலித்தது ஒரு பதிவு, கடையில் விற்றது வேறொரு குழுவின் பதிவு. ‘ஸ்வாட்’ தொடருக்கு பேரி டி வோர்சன் அமைத்த முகப்பு இசையை ரிதம் ஹெரிடேஜ் குழு தனியாகப் பதிவு செய்து, அந்தப் பதிவு 1976 பிப்ரவரியில் முதலிடம் பிடித்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதினால், வாசித்தவர்களின் பெயர் முழுவதுமே தவறாகிவிடும்.

ஒரே நிகழ்ச்சிக்குள்ளேயே இந்த வகைகள் மாறி வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ‘சோல் டிரெய்ன்’ 1970 ஆகஸ்ட் 17 அன்று சிகாகோவின் டபிள்யூ.சி.ஐ.யு. நிலையத்தில் உள்ளூர் நிகழ்ச்சியாகத் தொடங்கியது. அதை உருவாக்கித் தொகுத்து வழங்கிய டான் கார்னீலியஸ் 1971 அக்டோபர் 2 முதல் அதை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நாட்டின் பல நகரங்களுக்குக் கொண்டு சென்றார். அப்போது முகப்பில் ஒலித்தது சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸின் ‘ஹாட் பொட்டேட்டோஸ்’ என்னும் பழைய பதிவு. கிங் கர்ட்டிஸ் 1971 ஆகஸ்டிலேயே கொல்லப்பட்டுவிட்டார். தன் சாக்ஸபோன் நாடெங்கும் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்ததை அவர் கேட்கவே இல்லை. ஆக, ‘சோல் டிரெய்ன் தொடங்கியதிலிருந்தே டி.எஸ்.ஓ.பி. ஒலித்தது’ என்று எங்காவது படித்தால், அதை எழுதியவர் இரண்டு பட்டியல்களைக் கலந்துவிட்டார் என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

தேதிகளைப் பிரித்து எழுதும் முறை

‘டி.எஸ்.ஓ.பி.’யின் தேதிகளைப் பிரித்து எழுதிப் பார்த்தால் முறை விளங்கும். நிகழ்ச்சியின் பட்டியலில் வருவது: 1973 நவம்பரில் புதிய முகப்பு இசையாக ஒலிக்கத் தொடங்கியது. இசைத்தட்டின் பட்டியலில் வருவது: 1973 டிசம்பரில் ‘லவ் இஸ் தி மெசேஜ்’ ஆல்பத்தில் இடம்பெற்றது, 1974 தொடக்கத்தில் தனி சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஓர் இசை கொண்ட சிறு தட்டாக, வந்தது, ஏப்ரலில் பில்போர்டின் முதன்மைப் பட்டியலான ஹாட் 100இல் இரண்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது, ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது, 1975இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் வாத்திய இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. ‘1974ஆம் ஆண்டு இசை’ என்று எல்லா இடங்களிலும் எழுதுவது சிங்கிளைப் பொறுத்தவரை சரி. ஆனால் கேட்பவர்கள் அதை முதலில் கேட்டது அதற்கு முந்தைய ஆண்டில், தொலைக்காட்சி வழியாக. தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே வாரந்தோறும் நாடெங்கும் அதை ஒலிக்கவிட்டது நிகழ்ச்சிதான் என்னும் முக்கியமான உண்மை இந்தச் சில மாத இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது. பட்டியல்களைக் கலந்தவருக்கு அது கண்ணில் படவே படாது.

ஒளிபரப்புத் தேதியில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘சோல் டிரெய்ன்’ ஒரு பெரிய வலையமைப்பின் நிகழ்ச்சியாக நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பானதல்ல. ஒவ்வொரு நகர நிலையத்துக்கும் தனித்தனியே விற்கப்பட்டது. ஆகவே ஒரே பகுதி வெவ்வேறு நகரங்களில் வெவ்வேறு நாளிலும் நேரத்திலும் வந்திருக்கக்கூடும். ‘இந்த நாளில் முதன்முதலாக ஒலித்தது’ என்று எழுத விரும்பினால், எந்த நகரத்தில் என்பதைச் சேர்த்து எழுத வேண்டும். அந்த நகரத்து நாளிதழின் அந்த வாரத் தொலைக்காட்சிப் பட்டியலைப் பார்த்திருக்கவும் வேண்டும். அவ்வளவு நுணுக்கம் கட்டுரைக்குத் தேவையில்லை என்றால் மாதத்தோடு நின்றுவிடுவதே நேர்மை.

தரவரிசைத் தேதியும் அப்படியே. இதழின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் சனிக்கிழமைத் தேதி, விற்பனை கணக்கெடுக்கப்பட்ட நாள் அல்ல. கணக்கு அதற்கு முந்தையது. ‘ஏப்ரல் 20 தேதியிட்ட பட்டியலில்’ என்று எழுதுங்கள், ‘ஏப்ரல் 20 அன்று’ என்று எழுதாதீர்கள். அந்தக் காலத்தில் பில்போர்டுக்குப் போட்டியாக கேஷ் பாக்ஸ், ரெக்கார்ட் வேர்ல்டு ஆகிய இதழ்களும் தங்கள் பட்டியல்களை வெளியிட்டன, மூன்றிலும் எண்கள் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்த இதழின் எண் என்று சொல்லாமல் ‘முதலிடம்’ என்று மட்டும் எழுதுவது பாதித் தகவல். இந்த இதழ்களின் பழைய பக்கங்கள் இன்று இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், புதிய வெளியீடுகளைப் பற்றிய குறிப்புகளையும் விளம்பரங்களையும் படியுங்கள். நிறுவனம் அந்தத் தட்டைத் தொலைக்காட்சியைச் சொல்லி விற்றதா, குழுவின் பெயரைச் சொல்லி விற்றதா என்பது விளம்பரத்தில்தான் தெரியும்.

தட்டைக் கையிலெடுத்துப் படிப்பது

நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுச் சுழலும் சிங்கிள் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம் ஒரு சிறந்த ஆவணம். ‘டி.எஸ்.ஓ.பி.’யின் அமெரிக்கத் தட்டை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் ஃபிலடெல்ஃபியா இன்டர்நேஷனல்; எண் இசட்.எஸ்.7 3540, எழுதியவர்கள் கேம்பிளும் ஹஃபும், குழுவின் பெயருக்குப் பின் ‘தி த்ரீ டிகிரீஸ் பங்கேற்புடன்’ என்ற சேர்க்கை, மறுபக்கத்தில் ‘சம்திங் ஃபார் நத்திங்’. இந்தச் சில வரிகளிலேயே எழுத வேண்டிய கேள்விகள் அடங்கியிருக்கின்றன. வாத்திய இசைக்கான விருதைப் பெற்ற பதிவில் பாடகிகள் எப்படி வந்தார்கள்? கேட்டுப் பார்த்தால், மெட்டை வயலின்கள் இழுத்துச் செல்ல, காற்று வாத்தியங்கள் இடையிடையே வெட்டிப் பதில் சொல்ல, ஷீலா ஃபெர்கசன், வலேரி ஹாலிடே, ஃபேயட் பிங்க்னி ஆகிய மூவரின் குரல்கள் ஓரிரு சொற்றொடர்களோடு நின்றுவிடுகின்றன. வரிகள் இருந்தும் பாடல் ஆகாமல், குரலை இன்னொரு வாத்தியமாக வைத்திருப்பதே அதன் அமைப்பு. இதைக் குறிப்பிடாமல் ‘வாத்திய இசை’ என்று மட்டும் எழுதினால், தட்டைக் கேட்ட வாசகர் உங்களை நம்ப மாட்டார்.

உரிமைக் குறிகளையும் கவனியுங்கள். அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமை கிடைத்தது 1972 பிப்ரவரி 15 முதல் பதிவானவற்றுக்குத்தான். அதற்குப் பிந்தைய தட்டுகளில் வட்டத்துக்குள் ‘பி’ எழுத்தும் ஆண்டும் காணப்படும். அந்த ஆண்டு, பதிவு வெளியான ஆண்டைச் சொல்கிறது. பழைய பதிவின் மறுவெளியீட்டில் புதிய ஆண்டு அச்சிடப்பட்டிருக்கலாம் என்பதால், இந்தக் குறியை மட்டும் நம்பி எழுதாமல் தட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மெட்டுக்கான பதிப்புரிமைப் பதிவு வேறு: 1978க்கு முந்தைய பதிப்புரிமைப் பதிவுகள் ஆண்டுத் தொகுதிகளாக அச்சிடப்பட்டு, இப்போது படங்களாக வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் அச்சுக்கு வராத இசைக்கு ‘ஈ.யு.’ என்றும் வெளியான இசைக்கு ‘ஈ.பி.’ என்றும் எண்கள் தொடங்கும். ஒரு மெட்டு ‘ஈ.யு.’ எண்ணோடு முன்கூட்டியே பதிவாகியிருந்தால், தட்டு வருமுன்பே அது எழுதி முடிக்கப்பட்டிருந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடைத்துவிடுகிறது. நினைவிலிருந்து சொல்லப்படும் எந்தப் பேட்டியையும்விட இதற்கு எடை அதிகம்.

தட்டின் எண் எவ்வளவு பேசும் என்பதற்கு ‘சோல் லிம்போ’வைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதன் எண் எஸ்.டி.ஏ. 0001. புகழ்பெற்ற ஒரு நிறுவனம், பல ஆண்டுகள் தட்டுகள் வெளியிட்ட பிறகு, ஏன் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது? 1968 மே மாதத்தில் ஸ்டாக்ஸ், அட்லாண்டிக் நிறுவனத்தோடு இருந்த விநியோக உறவை முறித்துக்கொண்டது. அப்போதுதான், தான் அதுவரை வெளியிட்டிருந்த பதிவுகளின் உரிமை ஒப்பந்தப்படி அட்லாண்டிக்கிடம் போய்விட்டது என்பது அதற்குத் தெரியவந்தது. எல்லாவற்றையும் இழந்த நிறுவனம், விரல் சொடுக்கும் கையைப் புதிய சின்னமாக்கி, புதிய எண் வரிசையோடு மீண்டும் கடை விரித்தபோது முதல் தட்டாக வைத்தது இந்த இசையை. டெர்ரி மானிங் வாசித்த மரிம்பா என்னும் மரக்கட்டை வாத்தியத்தின் துள்ளலோடு மகிழ்ச்சி பொங்கும் அந்த இரண்டரை நிமிடத்துக்குப் பின்னால் அப்படி ஓர் இழப்பு நிற்கிறது. தட்டின் எண்ணைக் கவனிக்காமல் ‘கிரிக்கெட் இசை’ என்று மட்டும் எழுதிக் கடந்துபோவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

வாசித்தவர்களின் பெயர்கள்

சோல் வாத்திய இசையின் வரலாற்றில் மிகப் பெரிய அநீதி, வாசித்தவர்களின் பெயர் தட்டில் இல்லாமல் போவது. எம்.எஃப்.எஸ்.பி. என்பது மேடை ஏறிப் பழகிய ஒரு குழுவின் பெயரன்று. ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் அன்றாடம் ஒலிப்பதிவுக்கு வந்துகொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட வாத்தியக் கலைஞர்களுக்குப் பொதுவாகச் சூட்டப்பட்ட பெயர். டிரம்ஸில் எர்ல் யங், பேஸ் கிடாரில் ரோனி பேக்கர், கிடாரில் நார்மன் ஹாரிஸ், பாபி ஈலை, ரோலண்ட் சேம்பர்ஸ், வைப்ரஃபோனில் வின்ஸ் மொன்டானா, காங்காவில் லாரி வாஷிங்டன், ஆர்கனில் லெனி பகூலா ஆகியோர் அதன் தூண்கள். வயலின், காற்று வாத்தியக் கலைஞர்களைத் திரட்டியவர் டான் ரெனால்டோ. அந்த ஸ்டுடியோவை 1968இல் நிறுவிய ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜோ டார்சியாவின் பெயரும் இந்த வரிசையில் இடம்பெற வேண்டும். ஃபிலடெல்ஃபியா ஒலி என்று உலகம் அறிந்ததில் அந்த அறைக்கும் பங்கு உண்டு.

ஆனால் குழுவில் இருந்தார் என்பதும் குறிப்பிட்ட பதிவில் வாசித்தார் என்பதும் ஒன்றல்ல. முப்பது பேரில் அன்றைக்கு வந்தவர்கள் யார் என்று அறிய, வாத்தியக் கலைஞர் சங்கத்துக்குத் தாக்கல் செய்யப்பட்ட ஒலிப்பதிவு ஒப்பந்தப் படிவங்களைத் தேட வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் அது 77ஆம் எண் கிளை. நாள், நேரம், தலைமை வகித்தவர், ஊதியம் பெற்றவர்களின் பெயர்கள் என எல்லாம் அந்தப் படிவத்தில் இருக்கும். சிக்மா ஸ்டுடியோவின் ஆயிரக்கணக்கான ஒலிநாடாக்கள் 2005இல் அதே நகரின் டிரெக்சல் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. நாடாப் பெட்டியின் மேல் எழுதப்பட்டிருக்கும் தேதியும், எந்த ஒலித்தடத்தில் எந்த வாத்தியம் என்ற குறிப்புகளும் படிவத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே சிறந்த சரிபார்ப்பு. இவை கைக்கு எட்டாத நிலையில் ‘எம்.எஃப்.எஸ்.பி.யின் முக்கியக் கலைஞர்கள் இவர்கள்’ என்று எழுதலாம்; ‘இந்தப் பதிவில் வாசித்தவர்கள் இவர்கள்’ என்று எழுதக் கூடாது.

பெயர் பற்றிய கதையும் பிந்தைய வடிவங்களும்

‘டி.எஸ்.ஓ.பி.’யின் வரலாற்றில் கட்டாயம் இடம்பெற வேண்டிய நிகழ்வு, அந்தப் பெயர் வந்த விதம். நிகழ்ச்சிக்காகவே செய்யப்பட்ட இசைக்கு நிகழ்ச்சியின் பெயரைச் சூட்டுவதே இயல்பு. ஆனால் தன் நிகழ்ச்சியின் பெயரை ஓர் இசைத்தட்டு நிறுவனம் பயன்படுத்துவதை டான் கார்னீலியஸ் அனுமதிக்கவில்லை. கேம்பிளும் ஹஃபும் தங்கள் நகரத்தின் பெயரைச் சூட்டி வெளியிட்டார்கள். தட்டு நாட்டின் முதலிடத்துக்குச் சென்றது. ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தொலைக்காட்சி முகப்பு இசை என்ற பெருமையும் அதற்கே கிடைத்தது. அந்தப் பெருமையில் நிகழ்ச்சியின் பெயர் மட்டும் இல்லை. அது பெரிய தவறு என்று கார்னீலியஸே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இதை எழுதும்போது அவரை அறியாமையால் வாய்ப்பை இழந்தவராகச் சித்திரிக்கும் எளிய வழிக்குப் போகாதீர்கள். ஒரு கறுப்பினத் தயாரிப்பாளர் தன் நிகழ்ச்சியின் உரிமையைத் தன் கையிலேயே வைத்திருந்தது அன்றைய தொலைக்காட்சியில் அரிதினும் அரிது. பெயரைக் காத்துக்கொள்ள அவர் காட்டிய பிடிவாதம் அந்த நிலையிலிருந்து வந்தது என்று படிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. கருத்தைக் கருத்தாகவே எழுதுங்கள். ஆவணம் சொல்வதோடு அதைக் கலக்க வேண்டாம்.

அடுத்து, நிகழ்ச்சியில் ஒலித்ததைத் தட்டோடு வைத்து ஒப்பிட்டுக் கேளுங்கள். தட்டில் இல்லாத நிகழ்ச்சிப் பெயரைத் தொலைக்காட்சி வடிவில் பாடக் கேட்கலாம். நீளமும் வேறு: தட்டு மூன்றரை நிமிடம் விரிய, முகப்பில் அது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுருங்கி, அறிவிப்பாளரின் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்குகிறது. கடிகாரத்தை வைத்து எந்த நொடியில் வெட்டப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: மறு ஒளிபரப்புகளிலும் வீட்டுக் காணொளி வெளியீடுகளிலும் உரிமைச் சிக்கலால் இசையை மாற்றிவிடுவது வழக்கம், ஆகவே பார்க்கும் பிரதி எந்த ஆண்டினது என்று தெரியாமல் அதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

1975இல் ‘டி.எஸ்.ஓ.பி.’ விலக்கப்பட்டு, கார்னீலியஸ் உருவாக்கிய சோல் டிரெய்ன் கேங் குழுவின் இசை முகப்புக்கு வந்தது. 1980இல் தி விஸ்பர்ஸ், 1983இல் ஓ’பிரையன் என முகப்பு மாறிக்கொண்டே இருந்தது. 1987இல் ஜார்ஜ் டியூக்கின் கைவண்ணத்தில் பழைய மெட்டு திரும்பி வந்தது. 1993இல் நாட்டி பை நேச்சர் குழு ஹிப் ஹாப் சாயலில் ஒரு வடிவம் தந்தது. இந்த மாற்றங்களை எல்லாம் சம நீளத்தில் விவரிக்க வேண்டியதில்லை. இடையில் ஒரு டஜன் ஆண்டுகள் ஒலிக்காதிருந்த மெட்டையே நிகழ்ச்சி திரும்ப அழைத்தது என்பது ஒன்றுதான் விரித்து எழுதத் தக்கது.

ஏன் இந்த இசை தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற கேள்வியில்தான் ஊகம் அதிகம் நுழையும். ‘சோல் லிம்போ’வின் கரீபியச் சாயல் மேற்கிந்தியக் கிரிக்கெட்டை நினைவூட்டுகிறது என்பது கேட்பவருக்கு உண்மையாகவே தோன்றும், அதைத் தோற்றமாக எழுதலாம், தேர்வு செய்தவரின் காரணமாக எழுத வேண்டுமானால் அவருடைய வாக்குமூலமோ அலுவலகக் குறிப்போ கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கட்டுரையை எந்த ஆண்டில் நிறுத்துவது என்பதையும் இரண்டு பட்டியல்களை வைத்தே முடிவு செய்யுங்கள். ‘சோல் டிரெய்ன்’ 2006இல் நின்றது. 1987 முதல் நடந்துவந்த அதன் பெயரிலான விருது விழா அதற்குப் பின்னும் நடந்தது. பி.பி.சி. தொலைக்காட்சி 1998 பருவத்தோடு இங்கிலாந்தின் உள்நாட்டு டெஸ்ட் ஒளிபரப்பு உரிமையை சேனல் 4இடம் இழந்தபோது, புதிய நிலையம் வேறு இசையை எடுத்துக்கொண்டது. ‘சோல் லிம்போ’ மட்டும் பி.பி.சி. வானொலியின் ‘டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்’ வர்ணனையோடு போய்ச் சேர்ந்துகொண்டது. இத்தகைய இடங்களில் நிகழ்ச்சியின் பட்டியலை மூடிவிட்டு, இசையின் பட்டியலைத் திறந்தே வைத்திருங்கள். புதிதாக ஒரு பயன்பாடு தெரியவரும்போது, நிலையம், ஊடகம், ஆண்டு மூன்றையும் சேர்த்து அதன் அடியில் எழுதிக்கொள்ளலாம்.